உமறுப்புலவரும் நம் நோன்புப் பொழுதுகளும்

நோன்பு மாதத்தின் மிக நீண்ட பொழுது, அஸர் தொழுகைக்கும் மஃரிப் பாங்குக்கும் இடைப்பட்ட பொழுதேயாகும். பெரியவர்களுக்கு அது திக்ருக்கும் துஆவுக்கும் உரிய நேரம். முதல் நோன்பு நோற்கும் சிறாருக்கோ அது பொறுமையின் தேர்வுக்களம். பள்ளிவாசலிலிருந்து தூக்குச் சட்டியில் வாங்கி வந்த கஞ்சி மூடியிட்டு வைக்கப்பட்டிருக்கும். அதன் மணம் வீடெங்கும் பரவும். அவ்வேளையில் எங்கள் இல்லத்து மூதாட்டியார் பேரப் பிள்ளைகளைச் சுற்றிலும் அமர்த்திக்கொண்டு மான் கதை சொல்வார்.

வேடன் வலையில் ஒரு பெண்மான் அகப்படுகிறது. பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர அது விடை வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மானுக்காகப் பிணை நிற்கிறார்கள். சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்பி வருகிறது மான். கண்டு வியந்த வேடனின் உள்ளம் இஸ்லாத்தின்பால் திரும்புகிறது. கதை முடிவதற்கும் பாங்கொலி கேட்பதற்கும் சரியாக இருக்கும். கன்றின் பசியை எண்ணியிருந்த எங்களுக்கு எங்கள் பசி மறந்து போயிருக்கும்.

அக்கதையைத் தமிழில் காவியமாக்கி நம் இல்லங்களில் உலவச் செய்தவர் உமறுப்புலவர் என்பதைக் கல்லூரியில் தமிழ் பயின்றபோதே யான் அறிந்தேன். அப்பெருந்தகையின் வரலாற்றை மாணவர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்டயபுரத்து இளம் புலவர்

உமறுப்புலவர் கி.பி. 1642இல் பிறந்தவர் என்பர். தந்தையார் செய்கு முதலியார் நறுமணப் பொருள் வணிகர். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்துள்ள எட்டயபுரமே உமறு வளர்ந்த ஊர். அவ்வூர் அரண்மனையின் அவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர் அவருக்குத் தமிழ் கற்பித்தார். சமயம் வேறாயினும் ஆசிரியர் மாணவரிடையே அன்பு வேறுபடவில்லை. கம்பரையும் பிற காவியப் புலவர்களையும் உமறு அக்கல்விச் சூழலிலேயே கற்றுத் தேர்ந்தார்.

வடநாட்டிலிருந்து வந்த வாலைவாருதி என்னும் புலவரைத் தம் பதினாறாம் வயதில் உமறு வாதில் வென்றார் எனச் செவிவழி வரலாறு கூறும். பின்னர் எட்டயபுர அரசவையில் அவர் புலவராக அமர்ந்தார்.

மறுக்கப்பட்ட வாயில்

அக்காலத்தில் முத்துக்குளித்துறைக் கரையெங்கும் முஸ்லிம் வணிகர்கள் சிறப்புற்று விளங்கினர். காயல்பட்டினமும் கீழக்கரையும் முத்தும் சங்கும் மார்க்கக் கல்வியும் ஒருங்கே செழித்த பட்டினங்கள். கீழக்கரைக் கொடைவள்ளல் சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர், பெருமானார் (ஸல்) அவர்களின் திருவரலாற்றைத் தமிழில் காவியமாகப் பாடுமாறு உமறுவை வேண்டினார். அதற்குரிய மூல வரலாறுகள் அரபு மொழியில் இருந்தன. அவற்றைப் பெறும்பொருட்டுக் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703) அவர்களை உமறு நாடினார்.

அரண்மனைப் புலவரின் கோலத்தில் வந்து நின்ற அவரைக் கண்ட அப்பா அவர்கள் உரை தர மறுத்துவிட்டார்கள் என்பது வழிவழி வரும் செய்தி. உமறு உள்ளம் உடைந்தார். எட்டயபுரத்து அவை போற்றிய புலமை, தம் சமயத்தாரின் வாயிலில் வந்து தயங்கி நின்றது. பெருமானார் (ஸல்) அவர்கள் கனவில் தோன்றி அருளியதன் பின்னரே அப்பா அவர்கள் மனம் இசைந்தார்கள் என்று மரபு கூறுகிறது. உமறு பரங்கிப்பேட்டைக்குச் சென்று, அங்கிருந்த ஆலிமிடம் அரபு மூலங்களின் பொருளைக் கேட்டறிந்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று அவ்வாயில் திறவாதிருந்தால், அரபு அறியாத தாய்மார்களும் சிறார்களும் தம் நபியின் வாழ்வைத் தாய்மொழிக் காவியமாகக் கேட்கும் பேற்றை இழந்திருப்பர். அப்பா அவர்களின் தயக்கம் மார்க்கத்தின்மீது கொண்ட அக்கறையால் எழுந்தது. அவர்களின் இசைவும் அதே அக்கறையால் விளைந்தது.

சீறா தந்த செல்வம்

காவியம் நிறைவுறும் முன்னரே சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். நூலின் பல இடங்களில் அவ்வள்ளலை உமறு நன்றியோடு போற்றுகிறார்.

சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5,027 பாடல்களும் கொண்டது. விலாதத்துக் காண்டம் 24 படலங்களிலும், நுபுவ்வத்துக் காண்டம் 21 படலங்களிலும், ஹிஜ்றத்துக் காண்டம் 47 படலங்களிலும் அமைந்துள்ளன. அரபு மண்ணில் நிகழ்ந்த வரலாற்றைப் பாடவந்த உமறு, மழையும் ஆறும் வயலும் விளங்கும் தமிழ் நிலத்தை அதற்குப் பின்புலமாக அமைத்தார். தம் மண்ணின் பசுமையைக் காணிக்கையாக்கிய அன்பு அது.

இல்லறத்துக்கும் நூலில் இடம் பெரிது. பெருமானாரின் பிறப்பு, ஹலீமா அம்மையாரின் வளர்ப்பு, கதீஜா நாயகியாரின் திருமணம், ஃபாத்திமா நாயகியாரின் திருமணம் ஆகியன சுவைபட விரிகின்றன. நோன்பு கடமையாக்கப்பட்ட ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டின் ரமலான் பிறை பதினேழில் நிகழ்ந்த பத்றுப் போரும் இக்காவியத்தில் பாடப்பட்டுள்ளது. பத்று நாளில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு தமிழிலேயே நம் கைவசம் இருக்கிறது.

பெருமானாரின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்க உமறுவுக்கு இயலவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு காவியம் நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். நபி அவதார அம்மானை பாடிய கவிக்களஞ்சியப் புலவர் உமறுவின் மைந்தர் என்பர். தந்தை காவியமாகப் பாடிய பொருளை, மகளிர் ஆடிப் பாடும் அம்மானை வடிவில் மைந்தர் தந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மறைவும் மறவாமையும்

உமறு கி.பி. 1703இல் மறைந்தார், எட்டயபுரத்திலேயே நல்லடக்கம் செய்யப்பெற்றார். ஏட்டில் இருந்த சீறாவைக் காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சேற்றினார். உமறுவின் பாடல்களில் ஈடுபட்ட பிச்சையா கோனார் 1912இல் அவர் அடக்கத்தலத்தில் நினைவு மண்டபம் எழுப்பினார். பயிற்றுவித்தவர் கடிகைமுத்துப் புலவர். நினைவு மண்டபம் எழுப்பியவர் பிச்சையா கோனார். உமறுவின் வாழ்வு தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் சமயங்கடந்த தமிழன்பே நிற்கிறது. பின்னர்த் தமிழ்நாடு அரசும் அங்கு அவருக்கு மணிமண்டபம் அமைத்துச் சிறப்பித்தது.

எனினும், கல்லால் எழுப்பிய மண்டபத்தைவிட உமறுவுக்கு உவப்பானது நம் இல்லங்களில் ஒலிக்கும் சீறாவே. எங்கள் மூதாட்டியார் பள்ளி சென்று படித்தவர் அல்லர். தம் தாயார் சொல்லக் கேட்டதையே எங்களுக்குச் சொன்னார். யான் சீறாவைப் பாடமாக நடத்துகிறேன். ஆயினும் என் பிள்ளைகள் நோற்ற முதல் நோன்பின் மாலையில் மான் கதை சொல்ல மறந்தேன்; விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கற்றவன் விட்ட கண்ணியை, கல்லாத மூதாட்டி காத்து வந்திருக்கிறார் என்பதை எண்ணி நாணுகிறேன்.

மாணவ மணிகளே, பெருநாளுக்குப் புத்தாடையும் பெருநாள் காசும் பிள்ளைகளுக்கு நாம் தவறாது தருகிறோம். அவற்றோடு சீறாவின் ஒரு படலத்தையும் அவர்கள் செவியில் இட்டு வைப்போம். ஆடை அடுத்த பெருநாளுக்குள் சிறுத்துவிடும். காசு அன்று மாலையே செலவாகிவிடும். கன்றின் பசிக்காகப் பிணை நின்ற பெருமானாரின் கருணையோ, பிள்ளை வளர வளர அதன் உள்ளத்தில் உடன் வளரும்.