சிகரெட் பாக்கெட்டில் எச்சரிக்கை வந்தது எப்படி? டாக்டர் லூதர் டெர்ரியின் கதை!

சிகரெட் பாக்கெட்டைக் கவனிச்சிருக்கீங்களா? இரண்டு பக்கமும் 85 சதவிகித இடத்தை எச்சரிக்கைதான் அடைத்துக்கொண்டிருக்கும். தன் சரக்கு உடம்புக்குக் கெடுதல் என்று கம்பெனியே அச்சடிக்க வேண்டும்! இதை முதலில் நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது அமெரிக்கா. அதற்கு வழிபோட்டவர் டாக்டர் லூதர் டெர்ரி.

1911-ல் அலபாமா மாநிலத்தின் ரெட் லெவல் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர்தான். இதயநோய் ஆராய்ச்சியில் இருந்த டெர்ரியை 1961-ல் அதிபர் கென்னடி சர்ஜன் ஜெனரல் ஆக்கினார். மக்களின் ஆரோக்கியத்துக்கான அரசின் தலைமை டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்போது அமெரிக்கப் பெரியவர்களில் 10-ல் 4 பேருக்கு மேல் புகைத்தார்கள். டெர்ரியும் அதில் ஒருவர்! நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு இருப்பதை 1950-லேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால், எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்றே கம்பெனிகள் சாதித்தன. 1962-ல் நிருபர்கள் இதைப் பற்றிக் கேட்டபோது கென்னடியே நழுவினார். சில வாரங்களில், நிபுணர் குழு அமைக்கப்போவதாக டெர்ரி அறிவித்தார்.

எதிராளிக்கும் வீட்டோ!

டெர்ரி செய்த புத்திசாலித்தனம் இங்கேதான். சுமார் 150 விஞ்ஞானிகளின் பட்டியலைப் போட்டு, மருத்துவ அமைப்புகளிடம் மட்டுமல்ல, சிகரெட் கம்பெனிகளின் சங்கத்திடமும் நீட்டினார். யார் பெயரை வேண்டுமானாலும் அவர்கள் அடிக்கலாம். ஏற்கெனவே வெளிப்படையாக ஒரு பக்கம் சாய்ந்தவர்களுக்கும் இடமில்லை. மிஞ்சியவர்களில் 10 பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் 5 பேர் புகைப்பவர்கள்.

ரிஸ்க் இல்லையா என்றால், பெரிய ரிஸ்க்தான். முடிவு கம்பெனிகளுக்குச் சாதகமாக வந்திருந்தால் இந்த விஷயமே பல வருஷம் கிடப்பில் போயிருக்கும்.

குழு 7,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை அலசியது. 1964 ஜனவரி 11 அன்று அறிக்கை வெளியானது. அது சனிக்கிழமை. பங்குச்சந்தைக்கு லீவு, ஞாயிறு பேப்பரிலோ முதல் பக்கச் செய்தி! புகைக்கும் ஆண்களின் இறப்பு விகிதம் 70 சதவிகிதம் அதிகம், நுரையீரல் புற்றுநோய் அபாயம் சராசரியாக 9 முதல் 10 மடங்கு என்றது அறிக்கை. குழு ஒருதலைப்பட்சமானது என்று கம்பெனிகளால் சொல்ல முடியவில்லை. அவர்களும் பார்த்து ஒப்புக்கொண்ட பெயர்களாச்சே!

சட்டம் மெதுவாத்தான் வந்தது

1965-ல் எச்சரிக்கைச் சட்டம் வந்தது. ஆனால், உடம்புக்குக் கெடுதலாக இருக்கலாம் என்று இழுக்கும் ஒரு வரிதான் கிடைத்தது. அந்த வருஷமே பதவியைவிட்டு இறங்கிய டெர்ரி, விளம்பரத் தடைக்காகத் தொடர்ந்து போராடினார். 1971 ஜனவரியில் டி.வி, ரேடியோவில் சிகரெட் விளம்பரங்கள் நின்றன. இந்தியாவிலும் 1975-ல் எச்சரிக்கைச் சட்டம் போடப்பட்டது.

1985-ல் டெர்ரி காலமானார். 1965-ல் அமெரிக்கப் பெரியவர்களில் சுமார் 42 சதவிகிதம் பேர் புகைத்தார்கள். 2022-ல் அது சுமார் 12 சதவிகிதமாக இருந்தது.

வேப், நிகோட்டின் பவுச் என்று புதுசு புதுசாக வருகிற எதைப் பற்றியும் `ஆய்வு சொல்கிறது' என்று ஃபார்வேர்டு வந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த ஆய்வுக்கு யார் காசு கொடுத்தது, ஆட்களை யார் தேர்ந்தெடுத்தது என்று பாருங்க. டெர்ரி முதலில் சரிசெய்தது அதைத்தான்!