பேய் வீடு தேடிப் போன கோவூர்

ரிங்லெட்டில் பனி இறங்கிவிட்டால் லயத்துத் திண்ணையில் பேய்க்கதைதான். கூரையில் கல் விழுந்தால் போமோவையோ பூசாரியையோ தேடி ஓடுகிறவர்கள் உண்டு. இலங்கையில் டாக்டர் கோவூரைத் தேடிப் போனார்கள்.

ஆபிரகாம் தோமஸ் கோவூர் 1898-இல் கேரளத்துத் திருவல்லாவில், ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வாத்தியாராக வந்தார். 1959-இல் ஓய்வு பெற்றதும் ஆவி, செய்வினை என்று கேள்விப்பட்ட இடமெல்லாம் ஆராயக் கிளம்பிவிட்டார்.

வேப்பிலையும் இல்லை, உடுக்கையும் இல்லை. வீட்டாரை ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்துப் பேசுவார். தேவைப்பட்டால் மனோவசியம் செய்வார். கல்லெறிந்ததும் துணிக்குத் தீ வைத்ததும் அநேகமாக அந்த வீட்டு ஆளாகவே இருக்கும்! வாய்விட்டுச் சொல்ல முடியாத மனக்கஷ்டம் அப்படி வெளியே வந்திருக்கும். தான் செய்வதே தெரியாமல் செய்தவர்களும் உண்டு. பேய் புடிச்சிருக்குன்னு நம்ம ஆளுங்க சாட்டையைத் தூக்குவாங்களே, அது அவரிடம் கிடையாது. நோயாளியாகவே நடத்தினார்.

சாமி விஷயத்தில் அவர் பேசியதை எல்லாரும் ஒப்பமாட்டார்கள். ஆனால் 1963-இல், ஏமாற்ற வழியில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்றார். 1978-இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதை வாங்கவில்லை.

கண்ணைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவக் கல்லூரிக்கும், எலும்புக்கூட்டைத் தாம் படிப்பித்த கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரிக்கும் எழுதி வைத்திருந்தார்.