மரநோய் ஆய்ந்த மாதரசி

மனிதர்க்கு வரும் நோயை ஆராய்ந்த அறிஞர்களின் பெயர்களை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்கின்றோம். மரங்களின் நோயை ஆராய்ந்தோரை அறிந்தவர் சிலரே. அத்துறையில் பெரும்புகழ் ஈட்டியவர் ஹாலந்து நாட்டுப் பேராசிரியை யோஹன்னா வெஸ்டர்டைக் அம்மையார்.

அவர் 1883 ஜனவரி 4ஆம் நாள் ஆமஸ்டர்டாம் நகரை அடுத்த ஊரொன்றில் பிறந்தார். இளமையில் பியானோ இசையில் தோய்ந்திருந்த அவரைக் கையில் கண்ட நோய் தாவரநூலின்பால் திருப்பியது. ஆமஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஹ்யூகோ டி விரீஸ் என்னும் பேரறிஞரிடம் பாடங் கேட்டார். ஆயினும் பெண்கள் பள்ளியில் பயின்றவர் என்பதால், அந்நாட்டு விதிகளின்படி டாக்டர் பட்டத்திற்கு உரியவராகவில்லை. அதற்காக மனந்தளராது அயல்நாடு சென்று, பாசியினத்தை ஆராய்ந்து, 1906இல் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், இருபத்து மூன்றாம் வயதில், ஆமஸ்டர்டாமிலிருந்த தாவரநோய் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் தலைமை அவரிடம் வந்தது. மறு ஆண்டில் ஏறத்தாழ எண்பது பூஞ்சண வகைகளைக் கொண்ட சேமிப்பு ஒன்றும் அவர் பொறுப்பில் சேர்ந்தது. அவர் கையில் அது உலகின் மிகப் பெரிய பூஞ்சணச் சேமிப்புக்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1917இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஆனார். ஹாலந்தில் அப்பதவி பெற்ற முதற்பெண் அவரே.

முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் அந்நாட்டின் எல்ம் மரங்களை ஒரு புதுநோய் பற்றியது. கால்வாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் வரிசை வரிசையாக நின்ற மரங்கள் அவை. கோடையில் தழைத்து நிற்க வேண்டிய கிளைகள் திடீரென மஞ்சளித்து, இலை சுருண்டு வாடின. சிலர் வறட்சி என்றனர். சிலர் போரில் வீசிய நச்சுப்புகை என்றனர். அம்மையார் இச்சிக்கலைத் தம் மாணவி பியா ஷ்வார்ட்ஸிடம் ஒப்படைத்தார். பட்டுப்போன மரங்களிலிருந்து ஒரு பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்து, அதுவே நோய்க்குக் காரணம் என்று தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் 1922இல் அவர் நிறுவினார். ஜெர்மன் அறிஞர் சிலர் அதை ஏற்கவில்லை. பாக்டீரியாவே காரணம் என்று வாதிட்டனர். ஷ்வார்ட்ஸோ பட்டம் பெற்றபின் ஜாவாத் தீவுக்குப் பணியாற்றச் சென்றுவிட்டார்.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் மற்றொரு மாணவி, கிறிஸ்டீன் பூயிஸ்மன். கோடைத் தொடக்கமாகிய ஏற்ற பருவத்தில் நல்ல மரங்களுக்குள் அப்பூஞ்சணத்தைச் செலுத்தி, அதே நோயை 1927இல் வரச்செய்து காட்டினார். ஐயம் அகன்றது. மரத்தின் நீர்க்குழாய்களில் பூஞ்சணம் பரவ, அவை அடைபட்டு, நீரின்றி மரம் வாடுகிறது. நோயை மரத்துக்கு மரம் சுமப்பவை பட்டையைத் துளைக்கும் சிறு வண்டுகள். பூயிஸ்மன் 1936இல் முப்பத்தாறே வயதில் மறைந்தார். நோயைத் தாங்கும் எல்ம் வகையொன்றுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

நோயின் காரணத்தைக் கண்டறிந்தவர் டச்சுக்காரர் என்பதற்காக நோய்க்கே டச்சு எல்ம் நோய் என்று பெயரிட்டது உலகம்! இது என்ன நீதியோ! நோயின் தாயகம் ஆசியா என்றே அறிஞர் கருதுகின்றனர்.

மேசை, அலமாரிகளுக்கு மேற்பலகை சீவுவதற்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுசென்ற எல்ம் கட்டைகளோடு இந்நோயும் கப்பலேறியது. 1930இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அது காணப்பட்டது.

1920இல் ஆராய்ச்சிக்கூடம் பார்ன் என்னும் ஊரில் ஒரு மாளிகைக்கு மாறியது. அம்மையார் கண்டிப்பும் களிப்பும் கலந்தவர். கடுமையாக உழைக்க வேண்டும், பின் நன்றாகக் கொண்டாடவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1952இல் ஓய்வுபெறும் வரை அவரிடம் டாக்டர் பட்டம் பெற்றோர் ஐம்பத்தறுவர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். தமக்கு அடைபட்டிருந்த கதவை இத்தனை பேருக்குத் திறந்துவைத்தார் என்பதையே யான் அவருடைய பெருஞ்செயலாகக் கருதுகிறேன்.

1961 நவம்பர் 15ஆம் நாள் அம்மையார் காலமானார். அடுத்த சில ஆண்டுகளில் முன்னினும் கொடிய பூஞ்சணம் ஒன்று பரவி, பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்களை அழித்தது. நோய் தாங்கும் புதுவகைகளை உருவாக்க டச்சு ஆராய்ச்சியாளர் நாடிய மரங்களுள் ஒன்று, வடநாட்டில் குடியேறிய நமக்கு அண்மையிலுள்ள இமயமலைச் சாரலில் வளரும் எல்ம். அம்மையார் வளர்த்த பூஞ்சணச் சேமிப்பு இப்போது உட்ரெக்ட் நகரில் இருக்கிறது. 2017 முதல் அந்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.