நோயோடு உழைத்த கென்னடி

அமெரிக்கக் குடியரசுத் தலைவராய் விளங்கிய ஜான் கென்னடி 1917-ல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1947-ல் லண்டனில் அவருக்கு அடிசன் நோய் எனக் கண்டறிந்தனர். சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் போதிய அளவு சுரக்காமையே இந்நோய். ஓயாத சோர்வு, உடல் மெலிவு, வாந்தி, குறைந்த இரத்த அழுத்தம், தோல் கருத்தல் ஆகியன இதன் அறிகுறிகள்.

கப்பலில் நாடு திரும்பியபோது நிலைமை மோசமாகி, அவருக்கு அவஸ்தைப்பூசுதலும் அளிக்கப்பட்டது. ஆயினும் இறையருளால் பிழைத்தார். பின்னர் வந்த கார்டிசோன் மருந்து அவரைத் தாங்கியது. 1960-ல் வென்று அந்நாட்டின் முதல் கத்தோலிக்கத் தலைவரானார். நோயை மக்களிடம் மறைத்தாரேனும் மருந்தைக் கைவிடவில்லை. 1963-ல் சுடப்பட்டு மாண்டார்.

இந்நோய்க்கு வாழ்நாள் முழுவதும் மருந்து தேவை. திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லைத் தவறாது கேட்கும் பழக்கத்தை நெய்வேலி மாணவியராகிய நாமும் நம் இல்லங்களில் வளர்ப்போமாக!