ஒரு மூச்சின் விலை

அட்லாண்டா நகரம். 1930ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள். வேதியியல் அறிஞர்கள் கூடிய அவை. மேடையில் நின்றவர் ஒரு வாயுவை நெஞ்சு நிறைய இழுத்தார். எரியும் மெழுகுவத்திமீது ஊதினார். சுடர் அணைந்தது, ஊதியவர் உயிரோடு நின்றார்! நஞ்சுமில்லை, தீப்பற்றவுமில்லை என்று அவை மகிழ்ந்தது. அந்த ஒரு மூச்சின் விலையைத்தான் அமெரிக்க இல்லங்கள் இன்று தவணை தவணையாகக் கட்டிவருகின்றன.

யார் அவர்? தாமஸ் மிட்ஜ்லி. 1889இல் பென்சில்வேனியா மாநிலத்துப் பீவர் ஃபால்ஸ் ஊரில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1911இல் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வேதியியல் அவர் பட்டம் பெற்ற துறையன்று, பாடுபட்டுக் கற்ற துறை. கூர்த்த மதியினர், குன்றா உழைப்பினர், மறுக்கவில்லை நாம்.

1921இல், பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் இடிப்பின்றி ஓடும் என்று கண்டார். எஞ்சின் ஓடிற்று; பணமும் ஓடி வந்தது. ஆனால் 1924இல், அதைத் தயாரித்த ஆலைகளில் பாட்டாளிகள் சித்தம் கலங்கிச் செத்தனர். முந்திய ஆண்டு தாமே ஈய நஞ்சால் நலிவுற்ற மிட்ஜ்லி, செய்தியாளர் முன்னிலையில் அத்திரவத்தை ஊற்றிக் கைகழுவிக் காட்டினார். ஆம், கைதான் கழுவினார்!

அடுத்து வந்தது குளிர்பதனப் பெட்டி. அந்நாளில் அதற்குள் இருந்தவை கந்தக டையாக்சைடு, அம்மோனியா, மெத்தில் குளோரைடு. குழாய் கசிந்தால், உறங்கும் குடும்பம் விழித்தெழாது. நஞ்சற்ற வாயு வேண்டுமென்று 1928இல் கெட்டரிங் கேட்டார். மிட்ஜ்லி குழுவினர் கண்டுதந்ததே ஃப்ரியான். ஜெனரல் மோட்டார்ஸும் டுபாண்டும் கூட்டாக விற்றன. வீடுகளில் சாவு குறைந்தது. அந்த நன்மையை மறைப்பது நேர்மையன்று.

1940இல் இளம்பிள்ளை வாதம் அவரை முடக்கியது. படுக்கையிலிருந்து எழக் கயிறும் கப்பியும் பூட்டிய ஒரு கருவியைத் தாமே அமைத்துக்கொண்டார். 1944 நவம்பர் 2இல் அந்தக் கயிற்றிலேயே சிக்கி மாண்டார். தெய்வத்தின் தீர்ப்பு என்பர் வைதீகர். நாம் அப்படிச் சொல்லோம். பகுத்தறிவாளர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: மூச்சு விட்டு ஆராய்ந்தார்களே, அந்த மூச்சு போய்ச் சேரும் வானத்தை ஆராய்ந்தார்களா?

அதை ஆராய 44 ஆண்டுகள் ஆயின! ஓசோன் படலத்தை அவ்வாயு அரிக்குமென்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் எழுதினர். 1985இல் தென்துருவத்தின் மேலே ஓசோன் தேய்ந்து கிடந்தது தெரியவந்தது. 1987இல் மான்ட்ரியால் ஒப்பந்தம் பிறந்தது. மாற்று வாயுக்கள் வந்தன. அவை ஓசோனை விட்டன, உலகைச் சூடாக்கின! அமெரிக்க இல்லங்களில் நிறைந்த ஆர்-410ஏ, கரியமில வாயுவைவிட 2,000 மடங்குக்கு மேல் வெப்பம் சேர்ப்பது. எனவே 2016இல் கிகாலித் திருத்தம். 2036க்குள் இவ்வகை வாயுக்களை 85 விழுக்காடு குறைக்க 2020இல் அமெரிக்கா சட்டமியற்றியது. 700 மடங்கைத் தாண்டும் வாயு நிரப்பும் புதிய வீட்டுச் சாதனங்களை 2025 ஜனவரி 1 முதல் உற்பத்தி செய்யலாகாது என்றது விதி.

இதனால் இல்லத்தரசிக்கு என்ன? கோடையில் குளிர்விக்கும் அதே ஹீட் பம்ப்தான் குளிர்காலத்தில் வெப்பமும் தருகிறது. ஆகவே இரு பருவச் செலவிலும் இந்த வாயு கைவைக்கிறது. மின்கட்டணத்தை இவ்விதி ஏற்றவில்லை. ஏறுவது வாங்கும் விலையும் பழுதுபார்க்கும் கூலியும். புதிய வாயுக்கள் இலேசாகத் தீப்பற்றக்கூடியவை. கசிவறியும் கருவியும் புதிய பாகங்களும் தேவை. பழைய சாதனத்தை எறியச் சொல்லவில்லை சட்டம். ஆனால் அதற்குரிய வாயுவின் அளவு படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. புதிய வாயுவை அதில் நிரப்பவும் இயலாது. ஓட்டையை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புபவர், ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பவரே!

சட்டத்தால் விலை ஏறிற்று என்று சீறுவோர் உளர். சட்டம் கடன் வாங்கவில்லை, தோழர்களே! கடனை வாங்கியது 1930. வட்டி சேர்ந்தது வானத்தில். கணக்கை நீட்டுகிறது சட்டம். ஆனால் அந்தக் கணக்கை யாரிடம் நீட்டுவது? ஃப்ரியானில் இலாபம் கண்டவரிடமா, வாடகை வீட்டில் வியர்க்கும் ஏழையிடமா? விதி வகுத்த அரசுக்கு, எளியோர் சுமையைக் குறைக்கும் கடமையும் உண்டு.

கிகாலித் திருத்தத்தை 2021இல் இந்தியாவும் ஏற்றது. இங்கே குறைப்பு தொடங்கவேண்டிய ஆண்டு 2032. ஆண்டுகள் இருக்கின்றன என்று அயர்ந்தால், கணக்குச் சீட்டு நம் வாசலுக்கும் வரும். மெழுகுவத்தி அணைந்ததும் கைதட்டிய அவையைப்போல் நாமும் இருக்கலாமா?