ரிச்சர்ட் பெல்மன்

ரிச்சர்ட் எர்னஸ்ட் பெல்மன் (ஆகஸ்ட் 26, 1920 – மார்ச் 19, 1984) அமெரிக்கக் கணிதவியலாளர் ஆவார். இயங்குநிலை நிரலாக்கம் என்னும் கணித முறையை உருவாக்கியவர். கணினி வலையமைப்பில் திசைவிகள் தமக்குள் தொலைவு அளவைகளைப் பரிமாறிக் குறுகிய வழியைக் கண்டறிய உதவும் பெல்மன்-ஃபோர்டு படிமுறை, இவர் பெயரையும் லெஸ்டர் ஃபோர்டின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

வாழ்க்கை

பெல்மன் நியூயார்க் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை புரூக்ளினில் சிறிய மளிகைக்கடை நடத்திவந்தார். புரூக்ளின் கல்லூரியில் 1941 இல் இளங்கலைப் பட்டமும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1943 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோசில் கோட்பாட்டு இயற்பியல் பிரிவில் பணிபுரிந்தார். 1946 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சாலமன் லெஃப்ஷெட்ஸ் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். 1952 இல் ராண்ட் நிறுவனத்திலும், 1965 இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் இணைந்தார்.

உகப்புக் கொள்கை

பெரிய சிக்கலொன்றின் சிறந்த தீர்வு, அதன் பகுதிகளின் சிறந்த தீர்வுகளால் அமையும் என்பதே பெல்மனின் உகப்புக் கொள்கை. தருமபுரியிலிருந்து சென்னைக்குரிய மிகக் குறுகிய வழி வேலூர் வழியாகச் செல்லுமாயின், அதில் வேலூர் முதல் சென்னை வரையிலான பகுதியும் அவ்விரு ஊர்களுக்கிடையே மிகக் குறுகியதாகவே இருக்கும். இல்லையெனில், அப்பகுதியை மாற்றி முழு வழியையும் சுருக்கிவிடலாம். இக்கொள்கையை 1957 இல் வெளியான தம் நூலில் விரித்துரைத்தார். 1958 இல் வெளியிட்ட கட்டுரையில், சாலைகளால் இணைந்த நகரங்களுக்கிடையே பயண நேரத்தைக் குறைக்கும் வழியை இதன்மூலம் கணித்தார். ஃபோர்டு இதையொத்த முறையை 1956 இலேயே ராண்ட் அறிக்கையொன்றில் தந்திருந்தார்.

வலையமைப்புகளில் பயன்பாடு

1969 இல் தொடங்கிய அர்ப்பாநெட் இம்முறையைக் கையாண்டது. 1988 இல் தரப்படுத்தப்பட்ட ஆர்ஐபி நெறிமுறையும் இதனையே பின்பற்றுகிறது. ஒகேனக்கல், பென்னாகரம், தருமபுரி ஆகிய ஊர்களில் வரிசையாகத் திசைவிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒகேனக்கல் வலையமைப்புக்குத் தன் அளவை 2 எனப் பென்னாகரம் அறிவித்தால், தருமபுரி அதனுடன் 1 கூட்டி 3 எனப் பதிந்துகொள்ளும். எத்திசைவியும் முழு வரைபடத்தை அறிவதில்லை. அண்டைத் திசைவியின் சொல்லையே நம்புகிறது.

குறையும் இதனால்தான் எழுகிறது. ஒகேனக்கல் இணைப்பு அறுந்தபின், தருமபுரியின் பழைய 3 ஐ நம்பிப் பென்னாகரம் 4 எனப் பதியக்கூடும். தருமபுரி அதை 5 ஆக்கும். இவ்வாறு எண்ணிக்கை முடிவின்றி வளராதிருக்க, ஆர்ஐபியில் 16 என்பது எட்ட முடியாத தொலைவாகக் கொள்ளப்படுகிறது. அர்ப்பாநெட் 1979 இல் வேறு முறைக்கு மாறியது.

வெவ்வேறு நெறிமுறைகள் சந்திக்குமிடத்தில் மற்றொரு சிக்கல் உண்டு. ஆர்ஐபி தாவல்களை எண்ணுகிறது. டைக்ஸ்ட்ராவின் படிமுறையைப் பயன்படுத்தும் ஓஎஸ்பிஎஃப், இணைப்புகளுக்கு அளிக்கப்பட்ட செலவைக் கூட்டுகிறது. மைல் கணக்கைப் பேருந்துக் கட்டணத்துடன் ஒப்பிட இயலாதது போன்றே இவற்றையும் நேரடியாக ஒப்பிட இயலாது. எனவே எல்லைத் திசைவியில் வழிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது புதிய தொடக்க அளவை தரப்படுகிறது. அங்கே முந்தைய தொலைவுக் கணக்கு அறுபடுகிறது. எல்லைகள் இரண்டிருப்பின், ஒரு வழியாக வெளியேறிய தகவல் மறு வழியாகத் திரும்பிவந்து சுழற்சி ஏற்படலாம். இதைத் தடுக்க வழிகளுக்கு அடையாளக் குறியிட்டு வடிகட்டுவர்.

இறுதி ஆண்டுகள்

1973 இல் பெல்மனுக்கு மூளைக்கட்டி கண்டறியப்பட்டது. அறுவை மருத்துவத்தில் கட்டி நீக்கப்பட்டபோதும், பின்விளைவுகளால் உடல் கடுமையாகச் செயலிழந்தது. எனினும் தொடர்ந்து எழுதினார். அதன்பின் வெளிவந்த ஆய்வுக்கட்டுரைகள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை. 1979 இல் ஐஇஇஇ அமைப்பின் உயரிய கௌரவப் பதக்கம் பெற்றார். லாஸ் ஏஞ்சலிசில் காலமானார். இவரது தன்வரலாறு 1984 இல் நூலாக வெளிவந்தது.