கடிகாரம் சொல்லும் கைத்தறிப் பாடம்

கடலில் மூழ்குவோருக்காக 1950-களில் செய்யப்பட்ட கைக்கடிகாரங்கள் சில, இன்று ஏல மையங்களில் ஒரு வீட்டின் விலைக்குக் கைமாறுகின்றன. நேரம் பார்க்கக் கைப்பேசியே போதும் என்றாகிவிட்ட காலத்தில் இம்மதிப்பு எங்கிருந்து வந்தது? விடையின் பெரும்பகுதி ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்ற வணிகரின் வாழ்க்கையில் இருக்கிறது.

ஜெர்மனியின் குல்ம்பாக் நகரில் 1881-இல் பிறந்த அவர், 12 வயதில் பெற்றோர் இருவரையும் இழந்தார். உறவினர்கள் குடும்பத் தொழிலை விற்று அவரைப் படிக்க வைத்தனர். 1900-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு கடிகார ஏற்றுமதி நிறுவனத்தில் எழுத்தரானார். ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவதுடன், நாள்தோறும் நூற்றுக்கணக்கான கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்து, அவை சரியாக ஓடுகின்றனவா என்று பார்ப்பதும் அவர் பணி.

1905-இல் லண்டனில் ஆல்ஃபிரட் டேவிஸுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். அன்று கைக்கடிகாரம் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. அது துல்லியமாக ஓடாது, தூசியையும் ஈரத்தையும் தாங்காது என்பது பொதுக்கருத்து. அக்கருத்தை அவர் வாதத்தால் அல்ல, சோதனையால் மாற்ற முனைந்தார். எம்மொழியினரும் எளிதில் உச்சரிக்கும் வகையில் 1908-இல் ரோலக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். 1914-இல் இங்கிலாந்தின் கியூ ஆய்வகம் 45 நாள்கள் சோதித்து, அவரது கைக்கடிகாரம் ஒன்றுக்கு முதல் தரச் சான்றிதழ் அளித்தது. பிரிட்டனின் வரிச்சுமை காரணமாக, பின்னர் ஜெனீவாவுக்கு இடம்பெயர்ந்தார்.

1926-இல் நீர்புகா உறையுடன் ஆய்ஸ்டர் கடிகாரம் வந்தது. மறு ஆண்டு அக்டோபரில், ஆங்கிலக் கால்வாயில் நீந்திய மெர்சிடிஸ் கிளைட்ஸ் அதை அணிந்து சென்றார். கடுங்குளிரால் பத்து மணி நேரத்துக்குப் பின் அவர் நீச்சலைக் கைவிட நேர்ந்தது. கடிகாரம் பழுதின்றி ஓடியது. அச்செய்தியை லண்டன் நாளிதழின் முதல் பக்கத்தில் விளம்பரமாக்கினார் வில்ஸ்டார்ஃப். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு, போர் முடிந்தபின் பணம் தந்தால் போதும் என்று கடிகாரங்களை அனுப்பினார். வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெற, முதலில் தாம் நம்பிக்கை வைத்தார்.

1953-இல் 100 மீட்டர் ஆழம் தாங்கும் சப்மரைனர் உருவானது. 1960 ஜனவரியில் டிரியஸ்ட் நீர்மூழ்கியின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்ட ஒரு சோதனைக் கடிகாரம், மரியானா அகழியின் அடிவரை சென்று ஓடியபடியே மீண்டது. அவ்வாண்டு ஜூலையில் வில்ஸ்டார்ஃப் மறைந்தார். குழந்தைகள் இல்லாத அவர், நிறுவனத்தைத் தாம் நிறுவிய அறக்கட்டளைக்கே விட்டுச் சென்றார்.

பழைய கடிகாரங்களைச் சேகரிப்போரும் சான்றையே தேடுகின்றனர். டயலும் முள்களும் முதலில் பொருத்தப்பட்டவைதானா, உறை மெருகேற்றப்படாமல் இருக்கிறதா, விற்பனைச் சீட்டு உள்ளதா என்று பார்க்கின்றனர். வெயிலில் மங்கிய டயலுக்கு உள்ள மதிப்பு, புதிதாக வண்ணம் பூசியதற்கு இல்லை. ஒரு காலத்தில் நம் வீடுகளில் இருந்த ஃபேவர் லூபா, எச்.எம்.டி. கடிகாரங்கள் பலவும் பளபளப்புக்காக வண்ணம் பூசப்பட்டே மதிப்பிழந்தன.

இவ்வாழ்க்கையில் இன்னொரு பாடமும் உண்டு. ரோலக்ஸின் உள்ளே ஓடிய இயந்திரத்தைச் செய்தது பீல் நகரின் ஏக்ளர் நிறுவனம். உலகம் அறிந்ததோ வில்ஸ்டார்ஃப் சூட்டிய பெயரை. செய்தவரைவிட, சான்றும் பெயரும் வைத்திருப்பவருக்கே புகழ் சேர்கிறது.

படவேட்டில் வாழும் எனக்கு இது தொலைதூரக் கதையாகத் தோன்றவில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால், தறியில் பல நாள்கள் உழைத்து நெய்த சேலை கடைக்குச் செல்லும்போது கடையின் பெயரைத்தான் தாங்குகிறது. நெய்தவருக்குக் கூலி மட்டுமே மிஞ்சுகிறது. விசைத்தறிச் சேலை கைத்தறி என்று விற்கப்படும்போது அக்கூலிக்கும் ஆபத்து.

நெய்தவர் பெயர், தறியில் இருந்த நாள்கள், ஜரிகையிலுள்ள வெள்ளி, தங்கத்தின் அளவு ஆகியவற்றைக் கூறும் சோதனைச் சான்று ஒவ்வொரு கைத்தறிப் பட்டுச் சேலையுடனும் தரப்பட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் அரசும் நினைத்தால் இது இயலும். தரம் நம் நெசவாளர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை மெய்ப்பிக்கும் சான்று நெய்தவர் பெயரில் இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

கட்டுரையாளர்:
பேராசிரியர் (ஓய்வு).